ஏற்காட்டு மலையில் ஒரு மஹிந்திரா 540

சேலம் அடிவாரத்தில் தொடங்கி ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலைக்கு இன்று எந்த வண்டியும் போதும். சின்னக் காரே சிரமமில்லாமல் ஏறிவிடுகிறது. வண்டிக்கு உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். நாகலூர், கொட்டச்சேடு பக்கம் தார் முடிந்து காப்பித் தோட்டத்து மண்பாதை தொடங்கும் இடத்தில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பிக்கப் சேற்றில் சுற்றிக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் தோட்டக்காரர்கள் இன்னமும் பழைய ஜீப்பைத்தான் வெளியே எடுக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒன்றை ஓட்டிப் பார்த்து எழுதும் விமர்சனம் இது. வண்டி, எண்பதுகளின் கடைசியில் பதிவான மஹிந்திரா எம்.எம். 540. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதை முழுக்கப் பிரித்துச் சீர்செய்து, தோட்டத்துக்கு பிக்கப்பாக வைத்திருக்கிறார். அடிவாரத்திலிருந்து மேலே ஏற்றினேன், தோட்டத்துக்குள் சுமையோடு ஓட்டினேன், குப்பனூர் வழியாகக் கீழே இறக்கினேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல வண்டி. காரணம், இதற்குப் போட்ட காசில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போயிருக்கிறது.

மஹிந்திரா நிறுவனம் 1947இல் வில்லீஸ் ஜீப்புகளைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வரிசை தொடங்குகிறது. பிறகு வந்த சி.ஜே. 3பி, உயரமான பானட்டும் 2,199 சி.சி. ஹரிகேன் பெட்ரோல் எஞ்சினுமாகப் பல ஆண்டுகள் மலைத் தோட்டங்களில் உழைத்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, அதைக் கட்டிக் காப்பது தோட்டக்காரர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1979இல் பிரான்ஸின் பெஜோ நிறுவனத்திடமிருந்து எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சினைத் தயாரிக்க மஹிந்திரா உரிமம் பெற்றது. 540இன் பானட்டுக்குள் இருப்பது அதுதான். 90 மில்லிமீட்டர் போர், 83 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர், 2,112 சி.சி., ஏறக்குறைய 62 குதிரைத் திறன்.

முழுமையான பிக்கப் என்று பார்த்தால் டெல்கோ 1988இல் வெளியிட்ட டாடாமொபைலைச் சொல்ல வேண்டும். அதன் அடித்தளத்தில்தான் 1991இல் டாடா சியரா வந்தது. தார்ச்சாலையில் மூட்டை ஏற்ற 540ஐவிட அது பல மடங்கு மேல். தட்டு பெரியது, கேபினில் உட்காரவும் சுகம். சேலம் லீ பஜாருக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே மட்டும் ஓட வண்டி வேண்டும் என்றால் பழைய டாடாவைத் தேடுங்கள், ஜீப்பைத் தேட வேண்டாம். ஆனால் சேறும் பாறையும் உள்ள தோட்டப் பாதைக்கு நான்கு சக்கர இழுவை இல்லாமல் முடியாது. ஆகவே 540.

நண்பர் வாங்கும்போது வண்டி மினுமினுப்பாக இருந்தது. புதுப் பச்சை பெயின்ட், அகலமான டயர், முன்னால் வரிசையாக விளக்குகள். சேலத்தில் பழைய ஜீப்புகளே கதியாக இருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போயிருக்கிறார். அவர் வண்டியை ஒரு சுற்றுக்கூடச் சுற்றிப் பார்க்கவில்லையாம். "மேல பாத்து என்னங்க சார் ஆகப்போகுது? ஒரு சாக்கு குடுங்க, அடியில படுத்துப் பாத்துட்டு வர்றேன்" என்றிருக்கிறார். அடியில் பார்த்ததில், சேசிஸின் பின்பகுதியில் பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டு வெல்டிங், அதன் மேல் தாராளமாகக் கறுப்பு பெயின்ட். விலை அந்த இடத்திலேயே இறங்கியது.

மலை ஜீப்புகள் சாகும் வழி இதுதான். எஞ்சின் போனால் ரீபோர் செய்யலாம், லைனர் மாற்றலாம். ஈரமும் சேறும் சேசிஸின் பெட்டிக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். வெளியே நல்லாத்தான் தெரியும். சின்னச் சுத்தியலால் நீளமாகத் தட்டிக்கொண்டே போனால் அரித்த இடத்தில் சத்தம் மாறும். நண்பர் வண்டியின் பாடியைக் கழற்றி இறக்கி, அரித்த பகுதியை வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்து, உட்பக்கமும் துருத்தடுப்பு ஊற்றி மூடினார். மொத்தச் செலவில் இதுவே பெரும்பங்கு. முடித்த பிறகு பார்ப்பவர் யாருக்கும் தெரியாது.

அடுத்தது குளிர்விப்பு. இருபது வளைவுகளை இரண்டாம், மூன்றாம் கியரில் ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும். ரேடியேட்டருக்குக் காற்று கிடைப்பதில்லை. பழைய 540களில் ஹெட் கேஸ்கெட் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இந்த வண்டிக்கு ரேடியேட்டரின் உள்பகுதி புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் நம் ஊர் வழக்கத்தை நண்பர் பின்பற்றவில்லை. ஃபேனைச் சுற்றியுள்ள தகடு உறையையும் தேடிப் பிடித்துப் பொருத்தியிருக்கிறார். பல ஜீப்புகளில் அந்த உறையே இருப்பதில்லை. ஏறி முடிக்கும்வரை வெப்பமுள் பாதியைத் தாண்டவில்லை.

இனி ஓட்டம். இந்த எஞ்சினில் டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் பாயாது. முன்னறை ஒன்றில் பற்றிக்கொண்டு உள்ளே வரும். அதனால் குளிரில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் இதற்கு அவசரப்படக் கூடாது. பற்றிக்கொண்ட பிறகு ஓட்டம் மிருதுவானது. டிராக்டர் எஞ்சின் வழியில் வந்த 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சினோடு ஒப்பிட்டால் சத்தமும் அதிர்வும் நன்றாகவே குறைவு. டி.ஐ.யின் ஸ்ட்ரோக் 101.6 மில்லிமீட்டர், அது அடிவேகத்தில் அதிகம் இழுக்கும், டீசலும் குறைவாகக் குடிக்கும். சுமைதான் முக்கியம் என்றால் டி.ஐ. வாங்கலாம். நாள் முழுக்க நீங்களே ஓட்டுவதென்றால் 540.

வளைவுகளில் ஸ்டீயரிங் கனம். பவர் உதவி கிடையாது. நின்ற இடத்தில் திருப்பினால் தோள் வலிக்கும். சக்கரம் உருளத் தொடங்கியதும் இளகிவிடும். இந்த வண்டியில் கிங்பின் பேரிங்குகளும் டை ராடு முனைகளும் புதியவை, ஸ்டீயரிங் ஆட்டம் மிகக் குறைவு. நண்பர் செய்த இன்னொரு நல்ல காரியம், அகல டயர்களைக் கழற்றிவிட்டு 6.00-16 டயரையே மீண்டும் மாட்டியது. ஒல்லி டயர் சேற்றை வெட்டி அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் இந்தச் செம்மண்ணில் மேலேயே வழுக்கும், ஸ்டீயரிங்கையும் பேரிங்கையும் வதைக்கும். படத்துக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக மலையில் அகல டயர் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

தோட்டத்துக்குள் பழச்சாக்குகளை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கி ஏறினோம். இங்கே அராபிகா காப்பிப் பழம் நவம்பர் தொடங்கி தை வரை பறிப்பார்கள். பறித்த பழம் அன்றே பல்பருக்குப் போக வேண்டும். இரவெல்லாம் சாக்கில் கிடந்தால் புளித்து, காப்பியின் சுவையையே கெடுத்துவிடும். பழைய ஜீப்பை வைத்திருப்பதற்கு ஆசை மட்டும் காரணமல்ல, இந்த அவசரமும்தான். கியர் குச்சிக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய லீவர்கள். ஒன்று முன்சக்கர இழுவைக்கு, மற்றது லோ கியருக்கு. இரண்டையும் போட்டு முதல் கியரில் விட்டால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி நடை வேகத்தில் ஏறுகிறது. தார்ச்சாலைக்கு வந்ததும் முன்சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும். முன் பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லாததால், கெட்டித் தரையில் வளைக்கும்போது இழுவை முழுக்க கியர் பெட்டியையும் ஜாயின்ட்டுகளையும் முறுக்கும். பழைய ஜீப் வாங்குகிறவர்கள் இந்த லீவர்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று மண்ணில் இறக்கிப் பார்க்க வேண்டும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்டையே கழற்றி விற்றுவிட்ட ஜீப்புகள் 4×4 என்ற பெயரில் சந்தையில் சுற்றுகின்றன.

இறக்கத்தில்தான் எனக்குக் கவலை வந்தது. நான்கிலும் டிரம் பிரேக். ஷூ, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், குழாய்கள் எல்லாம் புதியவை, நான்கும் சமமாகப் பிடிக்கின்றன. ஆனாலும் குப்பனூர் இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, பெடல் அமுங்குவதும் பிடிப்பு குறைவதும் தெரிகிறது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலை டிரைவர்கள் சொல்வதை இந்த வண்டியில் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டும். புது வண்டிகளின் பிரேக்குக்குப் பழகிய கால்களுக்கு இது ஆபத்தான வண்டி என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். சீட் பெல்ட் கிடையாது, ஏர்பேக் கிடையாது. சாலை ஈரமாக இருந்தால் முன்னால் போகும் வண்டியிலிருந்து நன்றாக விலகியே வாருங்கள்.

பின்பகுதியை நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் செய்திருக்கிறார்கள். பக்கவாட்டு பெஞ்சுகள் மேலே மடங்கும். தரையில் கனத் தகடு. பின்கதவு கீழே இறங்கும். பெஞ்சுகளைக் கழற்றாமல் மடக்கும்படி வைத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கூரையை வெட்டுவது, சேசிஸை நீட்டுவது, வேறு கம்பெனி எஞ்சினை மாட்டுவது எல்லாம் எஃப்.சி.க்குப் போகும் நாளில் கழுத்தைப் பிடிக்கும். எஞ்சின் மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கி, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருகிறேன். பழைய ஜீப்பின் மதிப்பில் முதல் இடம் காகிதத்துக்கு. சேசிஸில் அடித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். எண் அடித்த இடத்தில் தேய்த்த தடமோ புது வெல்டிங்கோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பழைய பதிவுகள் பல கணினியில் ஏறாமலே கிடக்கின்றன. பேக்லாக் என்ட்ரி முடிந்து வாகன் தளத்தில் வண்டி விவரம் தெரிந்த பிறகு பணம் கொடுங்கள். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்புக்கு எட்டு ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். அரசுத் துறை ஜீப் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் செல்லாது. ஹரியானாவின் மண்டி டப்வாலியிலிருந்து வரும் பளபள ஜீப்புகளையும் காகிதம் பார்க்காமல் தொடாதீர்கள்.

விண்டேஜ் என்று சொல்லி விலை ஏற்றுபவர்களும் உண்டு. 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கே 'வி.ஏ.' எழுத்துள்ள விண்டேஜ் எண் கிடைக்கும். அதை அன்றாட வேலைக்கு ஓட்டவும் முடியாது. எண்பதுகளில் வந்த 540 எதுவும் இன்னும் அந்த வயதை எட்டவில்லை.

காகிதத்துக்கு அடுத்தது சேசிஸ், பிறகு நான்கு சக்கர இழுவை, பிறகு எஞ்சின். பெயின்ட், சீட், விளக்கு எல்லாம் கடைசி. சந்தையில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அலங்காரம் செய்த ஜீப்புக்குக் கேட்கும் விலையில் பாதிக்கு, மங்கிய பெயின்ட்டும் கெட்டியான சேசிஸும் உள்ள வண்டி கிடைத்துவிடும். மீதிப் பணத்தை பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் போடுங்கள்.

என் தீர்ப்பு: தினமும் சேலம் போய்வர, குடும்பத்தோடு பயணிக்க, வாடகைச் சரக்கு ஏற்ற இது வேண்டாம், அதற்குப் புது பிக்கப் வாங்குங்கள். மண்பாதைக்குள் சொந்தத் தோட்டம், அருகில் ஒரு நல்ல ஜீப் மெக்கானிக், பொறுமையான கால், இந்த மூன்றும் இருப்பவர்களுக்கு, முறையாகச் சீர்செய்த 540ஐ நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டு மலைச்சாலையில் மண்சரிவை உண்டாக்கியபோது இந்த மலைக்கு எப்படிப்பட்ட வண்டிகள் தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பழைய ஜீப் கிடந்தால், காயலான் கடைக்கு எடைக்குப் போடுவதற்கு முன் அதன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, சேசிஸை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.