பூநகரியும் கணினிவழித் தேசப்படமும்: ஒரு மதிப்பீடு

மத்தியதரைக்கடற் பண்பாடுகளை ஆராய்வோர் இன்று தேசப்படத்தையும் காலக்கோட்டையும் கணினித் திரையில் ஒருங்கே விரித்து நோக்குகின்றனர். ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் 2012 இல் வெளியிட்ட 'ஓர்பிஸ்' உரோமப் பேரரசின் ஊர்களுக்கிடையிலான தூரத்தை மட்டும் கூறி அமைவதில்லை. கி.பி. 200 அளவில் எப்பருவத்தில், எவ்வழியில், எத்தனை நாளில், என்ன செலவிற் பயணஞ் செய்திருக்கலாம் என்பதையும் அது கணிக்கின்றது. இம்முறையைப் பூநகரிக்குப் பொருத்தலாமா?

பொருத்தலாம், பொருத்தவும் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எதிரே, களப்பின் தென்கரையில் உள்ளது பூநகரி. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்படும்வரை தரைவழிச் செல்வோர் பரந்தன், ஆனையிறவு வழியாகச் சுற்றவேண்டியிருந்தது. தோணியிற் செல்வோருக்கோ அது எதிர்க்கரை. வெறும் நிலப்படத்திற் புலப்படாத இவ்வேறுபாட்டை ஓர்பிஸின் கணிப்புமுறை தெளிவாகக் காட்டும்.

காலக்கோட்டின் நிலை வேறு. ப. புஷ்பரட்ணத்தின் 'பூநகரி தொல்பொருளாய்வு' (1993) மண்ணித்தலை, வெட்டுக்காடு, பரமன்கிராய் முதலிய இடங்களின் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் அறிமுகஞ் செய்த முன்னோடி நூல். எனினும் அச்சான்றுகளிற் பெரும்பாலானவை மேலாய்விற் கிடைத்தவை. மண்ணடுக்கு முறைப்படி அகழ்ந்தெடுக்கப்பட்டவையல்ல. எழுத்தின் வடிவையும் ஓட்டின் வகையையும் கொண்டே காலங் கூறவேண்டியுள்ளது. அதிலே நூற்றாண்டுகள் முன்பின்னாகலாம். இதனை மனங்கொள்ளாது ஒரு புள்ளியும் ஓர் ஆண்டும் இட்டுவிட்டால், 1970 இல் விமலா பெக்லி அகழ்ந்த கந்தரோடையும் மேற்பரப்பிற் பொறுக்கிய ஓட்டின் இடமும் திரையில் ஒரே பருமனில், ஒரே நிறத்தில் ஒளிரும். பார்ப்பவர் ஐயுறுவதற்கு வழியே இராது.

1945 இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர் ரௌலட்டட் மட்பாண்டத்தை மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து வந்ததெனக் கொண்டார். அது இந்தியத் துணைக்கண்டத்திலேயே வனையப்பட்டதென்பது பின்னைய ஆய்வாளர் முடிபு. கந்தரோடையிலும் அவ்வகை ஓடுகள் கிடைத்துள்ளன. வீலர் கருத்தை நம்பி ஒருவர் உரோமிலிருந்து கந்தரோடைவரை வணிகக் கோடொன்று வரைந்திருப்பின், அக்கோட்டைப் பின்னர் அழிப்பது எளிதாயிராது. நூலின் அடிக்குறிப்பிலே தங்கும் ஐயம் படத்திலே தங்குவதில்லை.

பண்டைய இடப்பெயர்த் தொகுதியான 'பிளையடிஸ்' இக்குறையை ஓரளவு உணர்ந்துள்ளது. இடத்தின் அமைவு துல்லியமானதா, உத்தேசமானதா, அறியப்படாததா என அது பகுத்துரைக்கின்றது. தனியாண்டுக்குப் பதிலாகக் காலப்பகுதியைத் தருகின்றது. பூநகரிக்குப் படம் வரைவோர் முதலிற் கைக்கொள்ள வேண்டியது இதனையே. போர்த்துக்கேயர் அமைத்து ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டைக்கு ஆவணச் சான்றுண்டு. மண்ணித்தலை ஓட்டுக்கு அகன்ற, மங்கலான பட்டையே தகும். ஆராயப்படாத இடங்களை வெறுமையாக விடாது, 'ஆராயப்படவில்லை' என்றே எழுதுதல் வேண்டும். இன்றேல் அங்கே மக்கள் வாழ்ந்திலர் எனப் படம் பொய் கூறும்.