புழுவின் இடம்: போக்கிமோன் விளையாட்டில் கேட்டர்பி

சிறுவர் இலக்கியத்தை ஆராய்வோர் பாடல், கதை, நாடகம் என்னும் எல்லைக்குள் நின்றுவிடுவதே நம்மிடையே வழக்கமாக உள்ளது. ஆயினும் அண்மைத் தலைமுறைச் சிறுவர்களின் கற்பனையில் ஆழப் பதிந்த உயிரினங்கள் பல, காணொளி விளையாட்டுகளிலிருந்து வந்தவை என்பதை மறுக்க இயலாது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் கேம்பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளியான போக்கிமோன் விளையாட்டில் 151 உயிரினங்கள் இடம்பெற்றன. அவற்றுள் பத்தாம் எண்ணுக்குரியது கேட்டர்பி என்னும் பச்சைப்புழு. நீளம் 30 சென்டிமீட்டர், எடை 2.9 கிலோகிராம், வலிமையிலோ கடைநிலை. இத்தகைய ஒரு புழுவுக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா என வினவுவோர் இருக்கலாம். வேண்டும் என்றே கருதுகிறேன். இவ்விளையாட்டு தன் பிறப்பிடத்தை எவ்வாறு நடத்துகிறது என்பதை இப்புழுவைக் கொண்டே அளந்தறிய முடிகிறது.

போக்கிமோனின் பிறப்பிடம் பூச்சிகளே. இதனை உருவாக்கிய சதோஷி தஜிரி 1965இல் பிறந்தவர்; தோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். வயலும் குளமும் காடுமாக இருந்த அவ்வூரில் பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதே அவருடைய இளமைக்கால ஈடுபாடு. நகரம் விரிந்தபோது அவ்விடங்கள் அழிந்தன, பூச்சிகளும் அரிதாயின. பின்னாளில் இரு கேம்பாய் கருவிகளை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதன்வழிப் பூச்சிகள் ஊர்ந்து செல்வதாக அவருக்குத் தோன்றியதே இவ்விளையாட்டின் வித்து என அவரே நேர்காணல்களில் கூறியுள்ளார். எனவே இதனை ஓர் இழப்பிலிருந்து எழுந்த படைப்பு எனலாம்.

பூச்சியின் செல்வாக்கு விளையாட்டின் அடிப்படை விதியிலேயே படிந்துள்ளது. ஓர் உயிரினம் மற்றொன்றாக மாறுவதை ஜப்பானிய மூலம் ‘ஷின்கா’ என்கிறது. பரிணாமம் என்பது அதன் பொருள். ஆனால் பரிணாமம் ஓர் உயிரின் வாழ்நாளுக்குள் நிகழ்வதன்று. தலைமுறைகளின் ஊடே நிகழ்வது. விளையாட்டில் நாம் காண்பது உண்மையில் உருமாற்றமே. பல்லியை ஒத்ததும் எலியை ஒத்ததும்கூட இங்குப் புழுவைப் போலவே ஒரு கணத்தில் வேறு உடல் பெறுகின்றன. பிற உயிரினங்கள் கேட்டர்பியிடமிருந்து கடன் வாங்கிய இலக்கணம் இது.

அதன் உருவ அமைப்பும் கூர்ந்து நோக்கத்தக்கது. கேட்டர்பியின் தலைமேல் சிவந்த கவைக்கொம்பு ஒன்றுண்டு. அதிலிருந்து எழும் துர்நாற்றம் பகைவரை விரட்டும் என விளையாட்டின் குறிப்பேடு கூறுகிறது. இது வெறும் கற்பனையன்று. வால்வண்ணத்துப்பூச்சிக் குடும்பப் புழுக்கள் அனைத்துக்கும் இத்தகைய சதைக்கொம்பு உண்டு. நம் வட்டாரத்தில் இதனைக் காணக் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. தொட்டியில் வளரும் கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைச் செடியோ போதும். இலையைக் கிள்ளப்போன விரல் அங்கிருக்கும் பச்சைப்புழுமீது பட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு ஒன்று சட்டென வெளிப்படும், கடுநெடி வீசும். சற்று நேரத்தில் அது மறைந்தும் விடும்.

இங்குதான் ஓவியரின் கைவண்ணம் வெளிப்படுகிறது. இயற்கையில் மறைந்திருந்து, அச்சம் வந்தபோது மட்டுமே வெளிவரும் உறுப்பைக் கேட்டர்பி எப்போதும் சூடிக்கொண்டு திரிகிறது. இத்தகைய புழுக்கள் பலவற்றின் முன்னுடலில் தோன்றும் பெரிய கண்களோ உண்மையில் கண்களல்ல. பாம்பெனக் காட்டிப் பறவைகளை அஞ்சவைக்கும் புள்ளிகளே. மெய்யான கண்கள் தலையில் கடுகளவே இருக்கும். கேட்டர்பியிடம் அப்பொய்க்கண்ணே மெய்க்கண்ணாகி, குழந்தை முகமொன்று பிறக்கிறது. அச்சுறுத்த அமைந்தது அன்பை ஈர்க்க வந்துவிட்டது. பூச்சியை அறிந்தவரே இவ்வாறு மாற்றியமைக்க இயலும்.

ஆயினும் விளையாடுவோர் இதனை எவ்வளவு நேரம் காண்கின்றனர்? ஏழாம் நிலையில் கேட்டர்பி மெட்டபாட் என்னும் கூட்டுப்புழுவாகிறது. பத்தாம் நிலையில் பட்டர்பிரீ என்னும் வண்ணத்துப்பூச்சியாகிறது. நூறு நிலைகள் கொண்ட விளையாட்டில் புழுவின் வாழ்வு இவ்வளவே. வண்ணத்துப்பூச்சியும் முதற்கட்டப் போர்களில் கைகொடுத்தபின், வலியவை கிடைத்ததும் பெரும்பாலும் பெட்டிக்குள் ஒதுக்கப்படுகிறது. முதல் காட்டில் நம்மோடு மோதுவோரும் ‘பூச்சி பிடிக்கும் சிறுவர்’ என்றே மூலத்தில் பெயர் பெற்றுள்ளனர். மச்சிடாவில் பூச்சி பிடித்த சிறுவனின் சாயலே எளிதில் தோற்கும் எதிராளியாக வழியில் நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. பூச்சிகளை இழந்த துயரில் பிறந்த விளையாட்டு, புழுவை விரைந்து கடக்கக் கற்பிக்கிறது என்பதே இக்கட்டுரையின் குறை.

அக்குறைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது கூட்டுப்புழு. காட்டில் நேரடியாகப் பிடிபடும் மெட்டபாட்டுக்கு ‘இறுகுதல்’ என்னும் ஒரே திறனே உண்டு. அதனால் யாரையும் தாக்க இயலாது. கேட்டர்பியாக இருந்து நம்மிடம் வளர்ந்த மெட்டபாட்டோ, புழுவாக இருந்தபோது கற்ற மோதுதலையும் நூல் உமிழ்தலையும் மறவாதிருக்கிறது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு, ஒன்று தன் புழுப்பருவத்தை நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான். 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. புகையிலைச் செடியில் வாழும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு மணத்தை வெறுக்கப் பயிற்றுவித்தனர். கடைசிப் புழுப்பருவத்தில் பயின்றவை சிறகு பெற்ற பின்னும் அம்மணத்தைத் தவிர்த்தன. இளம் பருவத்தில் பயின்றவை அவ்வாறு செய்யவில்லை. கூட்டுக்குள் உடல் பெரிதும் கரைந்து மாறினாலும் நினைவு எஞ்சக்கூடும் என்பதை 1996ஆம் ஆண்டு விளையாட்டு தன்னையறியாமலே காட்டிவிட்டது. ஆனால் அந்நினைவும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஓர் உயிரினம் நான்கு திறன்களையே கொள்ளலாம் என்பது விதி. பட்டர்பிரீ புதியவற்றைக் கற்கும்போது பழையவற்றுள் ஒன்றை நீக்குமாறு நம்மையே கேட்கிறது. பெரும்பாலோர் முதலில் நீக்குவன புழுவின் திறன்களே.

1997இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் புழுவைச் சற்று மதிப்புடன் நடத்துகிறது. அதன் தலைமகன் ஜப்பானிய மூலத்தில் படைப்பாளரின் பெயரையே தாங்கிச் சதோஷி எனப்படுகிறான். அவன் தானே பிடிக்கும் முதல் உயிரினம் கேட்டர்பிதான். மூன்றாம் பகுதியில் அப்புழு தன் நூலைக் கொண்டே எதிரிகளைக் கட்டி வெல்கிறது. சிறகின்றிப் பெற்ற வெற்றி அது. நான்காம் பகுதியில் இரு மெட்டபாட்டுகள் எதிரெதிரே நின்று ‘இறுகுதல்’ ஒன்றையே மாறிமாறிச் செய்யும் காட்சி, நகைச்சுவைக்கு அப்பால், கூட்டுக்குள் நிகழும் நீண்ட காத்திருப்பை ஓரளவு உணர்த்துகிறது. இருபத்தோராம் பகுதியில் பட்டர்பிரீ தன் இணையுடன் கடல் கடந்து செல்ல, சதோஷி அதனை விடுவிக்கிறான். அப்பிரிவைக் கண்டு கலங்காத சிறுவர் அரியர். எனினும் ஓர் இடத்தில் தொடருடன் உடன்பட இயலவில்லை. மூன்றாம் பகுதியில் கேட்டர்பி நிலவை நோக்கியவாறு, வண்ணத்துப்பூச்சியாகும் நாளுக்காக ஏங்குகிறது. புழுவுக்குத் தன் புழுத்தன்மையே குறையென்று உணர்த்துவது எவ்வகை அன்பு?

ஜப்பானின் பழைய இலக்கியமே இதற்கு எதிர்வாதம் வைத்திருக்கிறது. ‘சுட்சுமி சூனகோன் மோனோகதாரி’ என்னும் தொகுப்பிலுள்ள கதையொன்றில், வண்ணத்துப்பூச்சிகளை விரும்பும் சீமாட்டியின் அண்டைவீட்டில் கம்பளிப்பூச்சிகளைப் பெட்டிகளில் வளர்க்கும் பெண்ணொருத்தி வாழ்கிறாள். ஊரார் சிறகின் அழகில் மயங்க, அவளோ அதன் மூலத்தை அறிய விழைகிறாள். அவளைக் கண்டு நகைப்போரைக் கதையாசிரியர் மிகையாகக் கண்டிக்கவில்லை. அவளை முற்றிலும் ஏற்கவுமில்லை. தஜிரி பிறப்பால் அவள் பக்கத்தினர். அவருடைய விளையாட்டோ அண்டைவீட்டுச் சீமாட்டியின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது என் துணிபு.

முற்றிலும் சாய்ந்துவிடவில்லை என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. உருமாற்றம் தொடங்கும்போது ‘பி’ பொத்தானை அழுத்தினால் அது நின்றுவிடும். புழு புழுவாகவே தொடரும். 1996ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வாறு நிற்கும் கேட்டர்பிக்கு எவ்விதப் பயனும் இல்லை. நூறாம் நிலையை எட்டினாலும் அதற்கு அதே இரு திறன்கள்தாம். பின்வந்த பதிப்புகள் சிலவற்றில், பதினைந்தாம் நிலையில் ‘பூச்சிக்கடி’ என்னும் மூன்றாவது திறன் அதற்கு வழங்கப்பட்டது. விரைவோர் கையில் அது வண்ணத்துப்பூச்சியாகி ஐந்து நிலைகள் கடந்த பின்னர் வருவது இது. ஏழாம் நிலை தொடங்கி எட்டு முறை பொத்தானை அழுத்திப் புழுவைப் புழுவாகவே காத்தவர் மட்டுமே அதனைக் காண்பர்.