மிக்கியின் காதுகள்

மிக்கி மவுஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் இரண்டு காதுகளும் முழு வட்டமாகவே தெரியும். காகிதத்தில் இது அழகான ஏமாற்று, யாரும் கவனிப்பதில்லை. அதே எலியை லெகோ கட்டைகளால் எழுப்ப உட்காருகிறவருக்கு முதல் வில்லங்கமே அங்கேதான். காதைத் தட்டையாக வைத்தால் பக்கவாட்டில் வெறும் கோடு. உருண்டையாக வைத்தால் அது எலியில்லை, கரடி. பெப்பா பன்றியின் கதை இன்னும் மோசம்: இரண்டு கண்ணும் முகத்தின் ஒரே பக்கத்தில்! கோடு சொன்ன பொய்க்கெல்லாம் கட்டை பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் பொய்யைக் காப்பாற்றுவது, எதைக் கைவிடுவது என்று கட்டுகிறவர் எடுக்கும் முடிவைத்தான் நான் ரசிக்கிறேன்.

கட்டையும் லேசில் வளைந்து கொடுக்காது. டென்மார்க்கின் பில்லுண்டில் 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே வடிவம்தான் இன்றும். கட்டையின் மேலுள்ள குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., கட்டையின் உயரம் 9.6 மி.மீ., மெல்லிய தட்டுக்கட்டைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2. இந்த எண்களுக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது. ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மி.மீ.; இரண்டு குமிழ் அகலமும் அதே 16. அதனால் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தினாலும் இடைவெளி விழாமல் உட்காரும். இந்த வித்தை கைவந்தவர்கள் நடுவில் ஒரு கருவை வைத்து, அதன் ஆறு பக்கமும் தட்டுகளை வெளிநோக்கிப் படிப்படியாக ஒட்டவைத்து, உருண்டை செய்துவிடுகிறார்கள். புரூஸ் லோவெல் உருவாக்கிய இந்த உருண்டைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கார்ட்டூன் தலைகளில் பாதி இதன் சந்ததிதான்.

சிம்ப்சன் குடும்பத்தைக் கட்டுகிறவர்கள் ஒருவகையில் அதிர்ஷ்டசாலிகள். அவர்களுடைய தோலின் மஞ்சள், லெகோவிலும் ஆதியிலிருந்தே உண்டு. இங்கே சாயம் கலக்க வழியில்லை; இருக்கும் நிறத்தில்தான் பிழைக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டுப் பையன் பார்ட்டின் நெற்றிக்கும் முடிக்கும் நடுவே கோடே கிடையாது. தலை அப்படியே மேலே போய் ரம்பப் பற்களாக முடிகிறது. 2014இல் வந்த குட்டி பார்ட் பொம்மைக்கு நிறுவனமே தனி அச்சு வார்த்துக்கொண்டது. அதில் என்ன சாமர்த்தியம்? சாதாரணச் சரிவுக்கட்டைகளை வைத்து அந்தப் பற்களை நிறுத்துகிறவரைத்தான் நான் கைதட்டிப் பாராட்டுவேன். சதுரப் பஞ்சான ஸ்பான்ச்பாபைக் கட்டுகிறவர்களிடம் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. அவன் பிறக்கும்போதே கட்டை.

ஆளுயரச் சிலைகளிலும் மனம் ஒட்டுவதில்லை. நேதன் சவாயா போன்ற தொழில்முறைக் கலைஞர்கள் பசை போட்டு எழுப்பும் உருவங்கள் பிரமிக்க வைப்பவைதான். ஆனால் கட்டைகளின் எண்ணிக்கை ஏற ஏற எந்த வளைவும் தானாக வழவழப்பாகிவிடும். உள்ளங்கை அளவில் சிக்கனத்துக்குத் தப்ப இடமில்லை. ஒரு வெள்ளை வட்டத் தட்டு, அதன்மேல் ஒற்றைக் குமிழ் அளவில் ஒரு கறுப்பு வட்டம்: பார்ட்டின் அப்பா ஹோமரின் கண் அவ்வளவுதான். அந்தக் கறுப்பை அரைக் குமிழ் நகர்த்திப் பாருங்கள். டோனட்டைப் பார்த்து ஏங்கிய ஆள் முதலாளியைப் பார்த்து மிரளுவார். அரைக் குமிழ் என்பது 4 மி.மீ. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரவெல்லாம் கழற்றி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பசை தொடாதவர்களுக்கு அந்த வசதி உண்டு.