அரிதாரம் கலைந்தபின் எஞ்சும் சான்றுகள்

நாடகம் அரங்கேறிய இரவோடு மறையும் கலை. கவிதைக்கு ஏடு உண்டு. சிற்பத்திற்குக் கல் உண்டு. அரிதாரம் கலைந்தபின் நடிகனுக்கு எஞ்சுவன, கண்டவர் நினைவும் யாரோ எழுதிவைத்த சில தாள்களுமே. அத்தாள்களை எழுதியவர் யார், எந்நோக்கில் எழுதினார் என ஆராய்வது திறனாய்வாளன் கடமை.

தியாகி விசுவநாத தாசின் வாழ்வை நோக்குவோம். 1886இல் சிவகாசியில் பிறந்த அவர், புராண நாடகங்களின் இடையே விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை புகுந்தவர். 1940 டிசம்பர் 31 அன்று, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடியபடியே உயிர்நீத்தார். முருகன் வேடமே அவருக்குக் கேடயமாகவும் படைக்கலமாகவும் அமைந்தது.

1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தைக் கையில் ஏந்திய அரசு, இத்தகைய மேடைகளைக் கண்காணித்தது. காவலர் குறிப்பு பாட்டின் சொல்லைப் பிடிக்கும்; பண்ணைப் பிடிக்காது. கைதானவரை எண்ணும், அவையோர் கண்ணீரை எண்ணாது. ஆயினும் நாளும் ஊரும் தவறாமல் குறிக்கும். எஸ். தியடோர் பாஸ்கரன் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்னும் நூல், பாமர மேடையும் படமும் அரசியலைச் சுமந்த வரலாற்றை நிறுவியது. அடக்க முயன்றவரின் கோப்பே பின்னாளில் அடக்கப்பட்டவருக்குச் சான்றாவது வரலாற்றின் விந்தை எனலாம்.

மற்றொரு வகைச் சான்று நடிகரின் தன்வரலாறு. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபையில் சிறுவனாகச் சேர்ந்து, பின்னர் ஔவையாராக நடித்து ‘ஔவை’ என்றே பெயர்பெற்ற தி. க. சண்முகம், ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலை 1972இல் அளித்தார். காவலர் கோப்பு காணாத ஒத்திகையும் பசியும் குருபக்தியும் அதில் உயிர்பெறுகின்றன. எனினும், புகழ்பெற்ற குழுவின் தலைமை நடிகர் கண்ட உலகமே அது. திரை இழுத்தவனும் மத்தளம் கொட்டியவனும் தம் கதையை எழுதினாரில்லை.

இங்குதான் நம் நிலை தெளிவாகிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில், திருவிழா இரவுகளில் பால்மரம் வெட்டிய கைகளே வாளேந்தின. ஆடவரே சேலையுடுத்து ஸ்திரீபார்ட் ஆடினர். தோட்டங்களைப் பற்றிய பழைய அரசுக் கோப்புகளோ பெரிதும் கூலி, நோய், ஆள்தொகை ஆகியவற்றைப் பேசுவன. ராஜபார்ட் யார் என்று எந்தத் துரை எழுதிவைப்பான்? தன்வரலாறு எழுத நம் நடிகருக்கு ஓய்வேது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் சிதறியபோது, பாட்டு எழுதிய கொப்பிகளும் அவர்களோடு சிதறின.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் குப்பையெனக் கழித்த துண்டறிக்கைகளையும் நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பட்டம் பெறாத ஒருவர் செய்ததை நம் பள்ளிகள் செய்ய இயலாதா?

நாடகத்தின் பெயர், அரங்கேறிய தோட்டம், ஆண்டு, வேடமிட்டோர், ஆர்மோனியம் வாசித்தவர் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டெழுதுவதை மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாகத் தரலாம். ஒருவர் நினைவை மற்றொருவர் நினைவோடு ஒப்பிட்டுத் திருத்தலும் வேண்டும். கேட்கத்தக்க செவிகள் உள. சொல்லத்தக்க நாவுகளோ நாளுக்கு நாள் குறைகின்றன.