கட்டுரை நோட்டும் கட்டுரைக் கொப்பியும்

தமிழ்நாட்டில் ‘தொழில்நுட்பம்’ என்று எழுதுகிறோம். இலங்கைப் பாடநூல்களில் அது ‘தொழினுட்பம்’. புணர்ச்சி விதிப்படி அவர்கள் எழுதுவதே நேர். இங்கே மதிப்பெண், அங்கே புள்ளி. இங்கே ஏழாம் வகுப்பு, அங்கே தரம் 7. சொற்கள் பிரிந்தாலும், மாலையில் தமிழாசிரியர் வீட்டுக்குச் சுமந்து போகும் கட்டு ஒன்றுதான். நாம் கட்டுரை நோட்டு என்கிறோம், அவர்கள் கட்டுரைக் கொப்பி என்கிறார்கள்.

ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் 200 கட்டுரை. ஒன்றுக்கு 5 நிமிடம் என்றாலே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவை இயந்திரம் திருத்திவிடும். கட்டுரை அப்படியல்ல. ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகியிருந்தால் சுழிக்க வேண்டும், ஒற்று விட்ட இடத்தில் போட வேண்டும். அதற்கும் மேலாக, அந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று வாசிக்க வேண்டும். இந்தப் பதினேழு மணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையாமல், அதன்மேல்தான் கணினியும் செயலியும் வந்து உட்கார்ந்தன.

தமிழ்நாட்டில் அவை மேலிருந்து வந்தன. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள், பதிவேடுகள் பெருகின. மாணவர் விவரங்களை இணையத்தில் பதியும் ‘எமிஸ்’ தளமும் வந்தது. 2018இல் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளை பிள்ளையாகச் செயலியைத் திறந்து மதிப்பீட்டைப் பதிய வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காத ஊரில் அந்த வேலை இரவில் வீட்டில்தான் முடியும். பயிற்சி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அறிந்த பயிற்சிகளில் எந்தத் தரவை எங்கே ஏற்றுவது என்பதிலேயே பொழுது போனது. ஒரு கட்டுரையைத் திருத்த இந்தக் கருவி எப்படி உதவும் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை.

இலங்கையில் கதை வேறு மாதிரி. ஈ-தக்சலாவ என்ற அரசு இணையதளம் உண்டு, திறன் வகுப்பறை கிடைத்த பாடசாலைகளும் உண்டு. என்றாலும் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பெரும்பாலான ஆசிரியர்களைக் காப்பாற்றியது சொந்தக் கைப்பேசியும் சொந்தக் காசில் போட்ட டேட்டாவும்தான். செயலட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பிள்ளைகள் விடையைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சிறு திரையை விரலால் விரித்து விரித்து எழுத்துப் பிழை பார்த்தார்கள். 2021 யூலையில் ஆசிரியர் தொழிற்சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. சம்பள முரண்பாடுதான் அப்போராட்டத்தின் மையம். ஆனாலும் விலகியது அந்தக் கைப்பேசி வகுப்பிலிருந்து என்பதை நான் மறக்கவில்லை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எழுதத் தாளும் இல்லை, திரைக்கு மின்சாரமும் இல்லை.

இரு கரைக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. அவர்கள் ‘பாமினி’யில் தட்டெழுதிய வினாத்தாளும் நாம் ‘வானவில்’லில் தட்டெழுதியதும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும். எத்தனை வினாத்தாள்களை இரண்டாம் முறை தட்டியிருப்போம்! தமிழாசிரியர் முதலில் கற்க வேண்டியது, எந்தக் கணினியிலும் திறக்கும் ஒருங்குறியில் தட்டெழுதுவதைத்தான் என்பேன். அதற்கு ஒரு வாரம் போதும், அது மீட்டுத் தரும் நேரமோ பல வருடத்துக்கு.

கருவி உண்மையாகவே உதவிய இடமும் உண்டு. பெயரை மறைத்து ஒரே ஒரு கட்டுரையைத் திறன்பலகையில் காட்டினால், வகுப்பே சேர்ந்து திருத்தும். தன் நோட்டிலும் அதே பிழை இருப்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அடுத்த முறை ஆசிரியரின் சிவப்பு மை குறைவாகத்தான் செலவாகும். கரும்பலகையில் எழுதிப் போட்டே பாடவேளை முடிந்துபோன காலத்தில் இதைச் செய்ய முடிந்ததில்லை. குரல் பதிவும் அப்படித்தான். ழகரத்தை எப்படி ஒலிப்பது என்று ஓரத்தில் எழுதிக் காட்ட இயலாது. அரை நிமிடம் பேசி அனுப்பினால் பிள்ளை பத்து முறை கேட்கலாம். இங்கே ‘டீச்சர்’ என்றாலும் அங்கே ‘ரீச்சர்’ என்றாலும், பிள்ளை கேட்க விரும்புவது அந்தக் குரலைத்தான்.

தமிழ்நாட்டில் கருவி இருக்கிறது, ஆனால் அதை ஆசிரியர் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்தப் பொழுதில்லை. இலங்கையில் ஆசிரியர் தானாகத் தேடிக் கற்றார், அதற்கான செலவை யாரும் ஏற்கவில்லை. இரண்டில் எது மோசம் என்றால், இரண்டாவதுதான். வேலைக்கு வேண்டிய கருவியை வேலை செய்பவரே வாங்குவது நியாயமில்லை.

இரு கரைக் கல்வித் துறைகளிடமும் கேட்பது இதைத்தான்: புதிய செயலி ஒன்றைக் கையில் கொடுக்கும் முன், கட்டுரை திருத்தும் நேரத்தையும் அந்தச் செயலியைக் கற்கும் நேரத்தையும் பாடவேளைகளாகக் கால அட்டவணையில் எழுதிக் கொடுங்கள்.