சின்னத் தொட்டியின் சுதந்திரம்

கையால் வனைந்த பொன்சாய் தொட்டி என்றதும் ஜப்பானில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஹெய்யான் தோஃபுகுஜி. இயற்பெயர் மிசுனோ கீயிச்சிரோ. 1890 முதல் 1970 வரை வாழ்ந்த கியோத்தோ குயவர். உள்ளங்கையில் அடங்கும் குறுமரங்களுக்கான தொட்டிகளே அவருக்குப் புகழ் தேடித்தந்தன. ஏழ்மையால் சொந்தச் சூளை வைத்துக்கொள்ள முடியாமல், பிறர் சூளைகளில் இடம் கிடைத்தபோது சுட்டுக்கொண்டார் என்று அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் குறிப்பிடுவார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியைப் பரிதாபக் கதையாகக் கடந்துவிடக் கூடாது. விறகுச் சூளையில் எல்லா இடத்திலும் ஒரே வெப்பம் இருக்காது. ஒரே கலவையில் செய்த கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு, நெருப்புக்கு அருகில் உருகி வழிந்தோடும், மூலையில் மங்கலாக நின்றுவிடும். இரவல் இடத்தில் சுடுபவருக்கு விளைவு முழுமையாகக் கைவசப்படாது. பச்சையும் நீலமும் மஞ்சளும் சிவப்பும் அவருடைய தொட்டிக்குத் தொட்டி மாறுவதில் இதற்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது என் ஊகம். வடிவத்திலும் அவர் ஒன்றோடு நின்றவரல்லர். சதுரம், வட்டம், நீள்வட்டம், பூவிதழ் என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தார். கைத்தொட்டியின் பெருஞ்சிறப்பாக நான் கருதுவது இந்தத் துணிச்சலைத்தான்.

துணிச்சல் பலிப்பதற்கு அளவு ஒரு காரணம். பொதுவாகப் பைன், ஜூனிபர் போன்ற ஊசியிலை மரங்களுக்குக் கிளேஸ் பூசாத பழுப்புத் தொட்டியும், பூக்கும், காய்க்கும், இலையுதிர்க்கும் மரங்களுக்குக் கிளேஸ் தொட்டியும் பொருந்தும் என்பார்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லாத மரத்தில் கிளைகள் சில, இலைகள் கொஞ்சம். அதன் கீழே ஒரு பளிச்சென்ற நீலம் இருந்தால் மரத்துக்குத் துணை கிடைக்கிறது. ஒற்றைச் செங்காய்கூட எடுப்பாகத் தெரிகிறது. அதே நீலத்தை இரண்டடித் தொட்டியில் பூசுங்கள். கண் மரத்துக்குப் போகவே போகாது. தோஃபுகுஜியின் வழியில் செய்வதாகச் சொல்லிப் பெரிய தொட்டிகளில் வண்ணங்களை வழியவிடும் இன்றைய கலைஞர்கள் பலர் இடறுவது இங்கேதான். அவர்கள் எடுத்துக்கொண்டது அவருடைய நிறத்தை, அளவை அல்ல.

பெரிய தொட்டியில் மண்ணும் எதிர்த்து நிற்கும். காய்ந்து சுடும்போது களிமண் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் சுருங்கும். கையகலத் தொட்டியில் அது பெரிதாகத் தெரியாது. நீண்ட, ஆழமற்ற செவ்வகத்தில் அடித்தளம் வளையும், மண்பலகைகளை ஒட்டிச் சேர்த்த மூலைகள் பிளக்கும். ஐச்சி மாகாணத்துத் தொக்கோனாமே, ஜப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்களில் ஒன்று, இதற்கு அச்சைப் பயன்படுத்தித் தீர்வு கண்டது. பிளாஸ்டர் அச்சில் மண்ணை அழுத்தினால் சுவர் சீரான கனத்தில் அமைகிறது, வளைவு குறைகிறது. அச்சுத் தொட்டி என்றாலே இளக்காரமாகப் பார்ப்பது நியாயமில்லை. முதிர்ந்த பைனுக்கு வேண்டிய அடக்கமும் நேர்த்தியும் அங்கேதான் நம்பகமாகக் கிடைக்கின்றன.

கைத்தொட்டிக்காரர்களிடம் எனக்குள்ள பெரிய குறை வேறு. வெளிச்சுவருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட உள்ளுக்கும் அடிக்கும் பலர் கொடுப்பதில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் மண்ணின் அடியில் ஓர் ஈர அடுக்கு தங்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்துகளின் பருமன், தொட்டியின் ஆழம் அல்ல. ஆகவே தொட்டி எவ்வளவு ஆழம் குறைவோ, வேர்களில் அவ்வளவு பெரிய பங்கு ஈரத்தில் கிடக்கும். வடிதுளை சிறுத்தாலோ, உள்தரை பள்ளமாகி நீர் தேங்கினாலோ வேர் அழுகும். மரத்தைக் கட்டி நிறுத்தும் கம்பிக்குத் துளை வேண்டும். காற்றும் நீரும் போய்வர அடியில் கால்கள் வேண்டும். வாய் உட்புறம் வளைந்த தொட்டி பார்க்க அழகுதான், ஆனால் மண் மாற்றும்போது வேர்க்கட்டி வெளியே வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உறைபனி விழும் நாடுகளில் இன்னொன்றும் சேர்கிறது: போதிய வெப்பத்தில் சுடாத மண் நீரை உறிஞ்சும், அந்த நீர் உறைந்து விரிந்ததும் தொட்டி பிளக்கும். 1,200 டிகிரி செல்சியஸையொட்டியும் அதற்கு மேலும் இறுகச் சுடுவது அதற்காகத்தான்.

சந்தை இந்தக் குறைகளைத் திருத்த உதவவில்லை. தோஃபுகுஜி தொட்டிகளுக்குச் சேகரிப்பாளர்கள் பெருவிலை தருகிறார்கள், போலிகளும் உலவுகின்றன. விலை ஏறியதும் தொட்டி பெட்டிக்குள் போய்விடுகிறது. மரம் ஏறாத தொட்டிக்கு வடிதுளை சரியா, கால்கள் போதுமா என்று யார் சோதிக்கப் போகிறார்கள்? பல ஆண்டுகள் நீரும் வெயிலும் கைகளும் பட்டுத்தான் தொட்டியின் மேல் பழமை படியும். ஜப்பானில் தேர்ந்த கண்கள் தேடுவது அதைத்தான். பட்டுத்துணியில் சுற்றிவைத்த தொட்டியில் அது படிய வழியே இல்லை. புதிதாகச் செய்பவர்களும் அலமாரியில் எடுபடும் கிளேஸையே துரத்துகிறார்கள். தன் தொட்டிகளில் சிலவற்றிலாவது தானே மரம் நட்டு, மண் மாற்றும் பருவம்வரை வளர்த்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை விற்பனைக்கு வைக்கும் கலைஞரிடம் நான் தயங்காமல் வாங்குவேன்.