அச்சுக்கட்டையின் விளிம்பு

துணி அச்சைப் பற்றி எழுதினால், இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று கேட்பார்கள். ஓவியம் கலை, துணி கைத்தொழில் என்ற பிரிவினையை யோசிக்காமலே ஏற்றுக்கொண்டவர்கள் நாம். பிலிஸ் பாரன், டாரதி லார்ச்சர் என்ற இரு ஆங்கிலேயப் பெண்களின் வேலை இந்தப் பிரிவினையை அர்த்தமற்றதாக்கிவிடுகிறது.

இருவரும் ஓவியம் பயின்றவர்கள். பாரன் (1890–1964) லண்டன் ஸ்லேட் பள்ளி மாணவி. பிரான்ஸில் கிடைத்த பழைய அச்சுக்கட்டைகள் அவரைத் திசைமாற்றின. பழைய சாயப் புத்தகங்களைப் படித்து, அவுரி நீலம் ஏற்றிய துணியில் அமிலத்தை ஒற்றி நிறம் நீக்கிப் பார்த்தார். இரும்பு, மாசிக்காய், காசுக்கட்டி என்று ஒவ்வொன்றாகப் பழகினார். நமக்கு வெற்றிலையோடு சேரும் காசுக்கட்டி, அங்கே துணியின் பழுப்பாயிற்று. லார்ச்சர், ஹெரிங்ஹாம் சீமாட்டியின் குழுவில் அஜந்தா சுவரோவியங்களைப் பிரதி எடுத்தவர். நந்தலால் போஸும் அக்குழுவில் இருந்தார். 1920களில் இருவரும் சேர்ந்து தொழில் தொடங்கி, 1930ல் பெயின்ஸ்விக் கிராமத்தில் பட்டறை அமைத்தனர்.

ஒரு கட்டை தனியாக அழகாயிருந்து பிரயோஜனமில்லை. அதன் வலது விளிம்பு அடுத்த ஒற்றலின் இடது விளிம்போடு உறவுகொள்ள வேண்டும். கோலம் கட்டையில் இல்லை. இரண்டு ஒற்றல்களுக்கு இடையில் பிறக்கிறது. பாரன்-லார்ச்சர் துணிகளில் வெற்றிடமும் ஒரு உருவமாக நிற்பது இதனால்தான். திரும்ப வருவது அலுப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு ஒற்றலிலும் கையின் அழுத்தம் மாறுகிறது, சாயம் கூடிக் குறைகிறது. ஆனால் இதைக் 'கைப்பிசகின் அழகு' என்று கொண்டாடுவது வெறும் பரிதாபம். பிசகை அவர்கள் தேடிப் போகவில்லை. சரியாகச் செய்ய முயன்றபின் மிஞ்சுகிற வித்தியாசம் அது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். இத்துணிகளை வாங்க வசதி வேண்டியிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்கின் உல்லாசக் கப்பலுக்கும் அவர்கள் அச்சடித்தார்கள். எல்லோருக்கும் கலை என்று பேசிய வில்லியம் மாரிஸும் இதே முரண்பாட்டில் சிக்கியவர்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் மூலப்பொருள் கிடைக்காமல் பட்டறை நின்றது. லார்ச்சர் பூக்களை வரையத் திரும்பினார்; 1952ல் இறந்தார்.

அவர்களிடம் தொழில் கற்ற ஈனிட் மார்க்ஸ், 1937ல் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் இருக்கைத் துணிகளுக்குக் கோலம் வகுத்தார். அவை இயந்திரத்தில் நெய்தவை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அவற்றின்மீது உட்கார்ந்து, என்ன துணி என்று பாராமலே இறங்கிப்போனார்கள். இதைக் குருத்துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளிம்பைப் பற்றிய அறிவு கட்டையிலிருந்து இயந்திரத்துக்குப் போயிற்று. போகாதது சாயத்தோடு கை நடத்திய விவாதம். அதற்காகத்தான் பாரன்-லார்ச்சர் துணிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கைத்தொழில் அழிகிறதே என்ற புலம்பலுக்காக அல்ல.